டொயோட்டா டர்போ ஸ்டார்லெட் காருக்கு அலுமினியப் பிளைவீலா?

கல்லடியான்: "அலுமினியப் பிளைவீல் போட்டால் டர்போ சீக்கிரம் எழும்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். வாசித்ததிலிருந்து எரிச்சல் தீரவில்லை. பிளைவீல் என்பது எஞ்சினின் சுழற்சியைச் சீராக்கும் கனச் சக்கரம்; கிளச் உராய்வது அதன் முகத்தில். டர்போ எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி; அதைச் சுழற்றுவது எஞ்சின் புகை, பிளைவீலின் எடை அல்ல. அலுமினியம் கிளச்சின் உராய்வைத் தாங்காது என்பதால் அதன் முகத்தில் உருக்குத் தட்டு ஒன்றைத் திருகாணியால் பூட்டுகிறார்கள். சூடேறினால் அலுமினியம் உருக்கைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். காத்தான்குடி நெரிசலில் அரைக் கிளச்சில் ஊர்ந்தால் அந்தத் திருகாணிகள் என்னவாகும்?

அக்கரைப்பற்று நானா: எழுதியவன் நான்தான் தம்பி, பெயரைச் சொல்லியே திட்டலாம். வார்ப்பிரும்பின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 7.2 கிராம், அலுமினியம் 2.7. விளிம்பில் எடை குறைந்தால் முதலாம் கியரில் எஞ்சின் துள்ளி எழும்.

கல்லடியான்: துள்ளி எழுவது அதே வேகத்தில் விழும் நானா. கியர் மாற்றக் காலை எடுத்ததும் சுழற்சி சரியும். 1331 சிசி எஞ்சினில் டர்போ அழுத்தம் இல்லாவிட்டால் இழுவை ஏது? திருகாணிக்குப் பதில் வரவில்லை.

செங்கலடி: கம்பனி போட்ட வார்ப்பிரும்பே போதும்.

கல்லடியான்: சாம்பல் வார்ப்பிரும்பு இழுவிசைக்குப் பலவீனம். அளவுக்கு மீறிச் சுற்றினால் வெடித்து, உறையைப் பிளந்துகொண்டு காலுக்கு வரும். 4140 என்ற வலுவான கலப்பு உருக்குக் கட்டியில் கடைந்ததுதான் சரி.

செங்கலடி: நீங்கள் கடைந்து தந்ததைப் பார்த்தோமே! சமன் பார்க்காமல் கொடுத்தீர்கள். மஹா ஓயா போவதற்குள் கியர்த் தடி கையை உதறியது.

கல்லடியான்: கிளச் தட்டுக் காசைத் தராதவர் சமன் பற்றிப் பேசுகிறார். கழற்றியபோது பிளைவீலின் முகம் முழுக்கச் சூட்டால் வந்த நீலத் தழும்பு, கருகிய வாடை. கிளச்சில் காலை வைத்தே ஓட்டினால் எந்த உலோகம் நிற்கும்?

கல்முனை: முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். கார் சந்தைக்குப் போகவா, பந்தயத்துக்கா?

அக்கரைப்பற்று நானா: மட்டக்களப்பாருக்குக் கடன் கணக்குத்தான் முக்கியம். முகத்து உருக்குத் தட்டுத் தேய்ந்தால் எனக்கு அந்தத் தட்டை மட்டும் மாற்றினால் போதும். என் திருகாணி ஒன்றும் கழலவில்லை.

கல்லடியான்: கியர்ப்பெட்டியை இறக்கிப் பார்த்தீர்களா?

அக்கரைப்பற்று நானா: நன்றாக ஓடுகிற காரை எதற்கு இறக்க வேண்டும்?

கல்லடியான்: பார்க்காத திருகாணிக்கு எப்படி உத்தரவாதம் தருகிறீர்கள்?

செங்கலடி: காசை வீட்டுக்கு வந்து கேளுங்கள். இங்கே எழுதி மானத்தை வாங்க வேண்டாம்.

கல்லடியான்: வருகிறேன். நானா, திருகாணி?