எனம் (enum) ↔ பெயர் மாற்றும் நிரல்: ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர் இருந்தால்?

வணக்கம் நண்பர்களே. சி++17 ப்ராஜெக்ட். பிழைக் குறியீடுகளுக்கான எனமில் (எண்களுக்குப் பெயர் வைக்கும் பட்டியல்) மதிப்புகள் 0 முதல் 4200 வரை இடைவெளி விட்டு வருகின்றன. லாகில் (நிரல் எழுதும் பதிவுகளில்) எண்ணுக்குப் பதில் பெயர் வர வேண்டும். கான்ஃபிக் ஃபைலில் இருக்கும் பெயர் எண்ணாக மாற வேண்டும்.

இதற்கென உள்ள மேஜிக் எனம் லைப்ரரி ஒத்துவராது. அது இயல்பாகத் தேடும் வரம்பு -128 முதல் 127 வரைதான். கூட்டினால் ஒவ்வொரு எண்ணுக்கும் டெம்ப்ளேட் விரிந்து கம்பைல் நேரம் ஏறும். எக்ஸ்-மேக்ரோ (ஒரே பட்டியலிலிருந்து எனம், பெயர் இரண்டையும் உருவாக்கும் முறை) நல்ல வழிதான், ஆனால் எனம் இருக்கும் ஹெடர் ஃபைல் வேறு டீமுடையது, அதில் கைவைக்க முடியாது.

ஆகவே ஹெடரைப் படித்து ஸ்விட்ச் (ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு கேஸ்) எழுதித்தரும் பைத்தான் ஸ்கிரிப்ட். (டீஃபால்ட் கேஸ் வேண்டுமென்றே போடவில்லை, போட்டால் விடுபட்ட பெயருக்கு ஜிசிசி கம்பைலர் தரும் எச்சரிக்கை போய்விடும்.) சிக்கல் இதுதான்: சில இடங்களில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டுக்கும் ஒரே எண். ஒரே கேஸ் இரண்டு முறை வருகிறது என்று கம்பைலர் நிறுத்திவிடுகிறது. முதலில் வருவதை மட்டும் எடுத்தால் லாகில் பழைய பெயரே விழுகிறது. பெயரிலிருந்து எண்ணுக்குப் போகும்போது மட்டும் இரண்டும் வேண்டும்.

எது முதன்மைப் பெயர் என்பதைத் தனிப் பட்டியலில் வைப்பதா, டெப்ரிகேட்டட் (இனி பயன்படுத்த வேண்டாம்) குறியைப் பார்த்து ஒதுக்குவதா? இரண்டாவதற்கு ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடுவது) போதுமா, கிளாங் ஏஎஸ்டி (கிளாங் கம்பைலர் நிரலைப் பிரித்துத் தரும் மர அமைப்பு) தேவையா? செய்தவர்கள் சொல்லுங்கள்.