பழைய வாரப் பத்திரிகை பைண்டிங்க புரட்டினப்போ கண்ணுல பட்டது

சின்ன டவுன் ஒண்ணுல இருந்து வந்துட்டிருந்த வாரப் பத்திரிகையோட பழைய இதழ்கள வருஷவாரியா பைண்ட் பண்ணி வச்சிருந்தாங்க, முழுசா புரட்ட வாய்ப்பு கெடச்சுது. செய்திங்க எதிர்பார்த்ததுதான், நகராட்சிக் கூட்டம், தண்ணிப் பிரச்சனை, மந்திரி வருகை. ஆனா பத்திரிகையோட சொந்தக் கதை அச்சுலதான் இருக்கு.

1978ல எம்ஜிஆர் ஆட்சில எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்துச்சில்ல, லை ளை ணை னை எல்லாத்துக்கும் முன்னால யானைத் தும்பிக்கை மாதிரி இருந்த அந்தச் சுழிய எடுத்தாங்களே, அது. இவங்க உடனே மாறவே இல்ல. எப்படி மாறுவாங்க, ஒவ்வொண்ணா கோர்த்து அச்சடிக்கிற ஈய எழுத்த காசு குடுத்து வாங்கி வச்சாச்சு, தேயற வரைக்கும் ஓட்டித்தான ஆகணும். அதனால ஒரே பக்கத்துல தலைப்புல பழைய லை, கீழ மேட்டர்ல புது லை! தலைப்பு எழுத்து கம்மியா பொழங்கறதால சீக்கிரம் தேயாது பாருங்க. (1925ல ஈரோட்டுல ஆரம்பிச்ச குடி அரசும் வாரப் பத்திரிகைதான், அது 1935லயே புது எழுத்துக்கு மாறிடுச்சு, அரசாங்கம் வந்து சேர இன்னும் 43 வருஷம்.)

உள்பக்கத்துல ஏன் கதை, கவிதை, வாழ்த்துன்னே இருக்குன்னு அங்க கம்போசிங் (எழுத்துக் கோர்க்கிற வேலை) பாத்த பெரியவர் ஒருத்தர்கிட்ட கேட்டேன். "நாலு பக்கத்துக்கும் எழுத்து ஏது தம்பி, ரெண்டும் மூணும் மொதல்ல அடிச்சுட்டு, கோர்த்து வச்ச பாரத்தப் பிரிச்சு எழுத்த அதோட பெட்டில, கேஸ்ல போட்டப்புறம்தான் மொதப் பக்கம் கோர்ப்போம்"னாரு. அப்ப சூடான செய்திக்கு எடம் முன்னாலயும் கடைசிலயும்தான்.

போட்டோ அச்சடிக்க உலோகத்துல பிளாக் செய்யறதும் செலவு, செஞ்சத திரும்பத் திரும்பப் போடுவாங்க, அதனால ஒரு தலைவரு வருஷக்கணக்கா அதே கருப்பு முடியோட சிரிக்கிறாரு 😄 ஈய எழுத்தும் பிளாக்கும் வேண்டாத ஆஃப்செட் அச்சுக்கு மாறின இதழ்ல திடீர்னு எல்லாருக்கும் வயசாயிடுது.

ஆசிரியர் மாறின விஷயத்த எங்கயும் செய்தியா போடல. கடைசிப் பக்கத்து அடில அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர்னு ஒரு வரி வரும்ல, அப்போ இருந்த 1867 பத்திரிகைப் பதிவுச் சட்டப்படி அது கட்டாயம், அதுல பேரு மாறினத வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்.

இந்த மாதிரி பைண்டிங் யார்கிட்டயாவது இருந்தா லேமினேட் பண்ணிடாதீங்க, விரிச்சு அமுக்கி ஸ்கேனும் போடாதீங்க, நியூஸ்பிரிண்ட் மரக்கூழ் காகிதம், பழுப்பேறினா மடிப்புலயே ஒடஞ்சிடும். மேல இருந்து போன்ல படம் எடுத்தாலே போதும், அந்த அடிவரி விட்டுப்போகாம.