ஒருமுறை ஒலித்தால் போதுமா? சீன மாணவர்களின் ஆறாம் நிலை ஆங்கிலத் தேர்வு குறித்த விவாதம்

வூஹான்வாசி எழுதியது:

சென்ற வாரம் வேறோர் இழையில் திருச்சிப் பேராசிரியர் அவர்கள், "சீனப் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதும் ஆறாம் நிலைக் கல்லூரி ஆங்கிலத் தேர்வில் ஒலிப்பதிவை ஒரேயொரு முறைதான் ஒலிக்கவிடுகிறார்கள், அது செவித்திறனைச் சோதிக்கவில்லை, ஞாபகசக்தியைச் சோதிக்கிறது, ஆகவே அந்த மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். 11 ஆண்டுகளாக வூஹானில் இதே தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்து வருகிறவன் நான். இதைப் படித்துவிட்டு வாய்மூடி இருக்க என்னால் முடியவில்லை.

தேர்வு எப்படி நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மொத்தம் 710 மதிப்பெண். கேட்டலுக்கு 35 விழுக்காடு, வாசிப்புக்கு 35 விழுக்காடு, எஞ்சியது கட்டுரைக்கும் மொழிபெயர்ப்புக்கும். கேட்டலில் அரைமணி நேரத்திற்குள் 25 கேள்விகள்: இரண்டு நீண்ட உரையாடல்கள், இரண்டு உரைப்பகுதிகள், 2016 ஜூனில் புகுத்தப்பட்ட மூன்று விரிவுரைகள். அந்த மூன்று விரிவுரைகளுக்கு மட்டுமே மொத்த மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு. வினாத்தாளில் நான்கு விடைகள்தாம் அச்சாகியிருக்கும். கேள்வியையும் காதால்தான் வாங்க வேண்டும். ஆம், எல்லாம் ஒருமுறைதான் ஒலிக்கும். பேராசிரியரும் தம் வகுப்பில் ஒரு விரிவுரையை ஒருமுறைதானே நிகழ்த்தியிருப்பார்?

திருச்சிப் பேராசிரியர் எழுதியது:

என் பெயரைத் தலைப்பில் போடாமல் விட்டதற்கு நன்றி. நான் 31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன். என் வகுப்பில் ஒரு மாணவன் "ஐயா, புரியவில்லை" என்றால் மறுபடியும் சொல்வேன். மறுபடியும் சொல்லாத ஆசிரியரை நல்லாசிரியர் என்று யாரும் அழைப்பதில்லை.

ஒரே ஒரு கேள்விக்கு விடை சொல்லுங்கள். கேம்பிரிட்ஜின் சி1, சி2 நிலைத் தேர்வுகளில் ஒவ்வொரு பதிவையும் இரண்டு முறை ஒலிக்கவிடுகிறார்கள். அவையும் உயர்நிலைத் தேர்வுகள்தாம். வூஹானில் தெரிந்த உண்மை கேம்பிரிட்ஜில் தெரியாமல் போயிற்றா?

வூஹான்வாசி எழுதியது:

கேம்பிரிட்ஜைச் சொன்னவர் ஐஇஎல்டிஎஸ் தேர்வை ஏன் சொல்லவில்லை? அதிலும் ஒருமுறைதான். டோஃபலிலும் ஒருமுறைதான். தமக்கு வசதியான ஒன்றை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு மற்றவற்றைப் பாய்க்கு அடியில் தள்ளுவது பேராசிரியர்க்கு அழகன்று.

கண்ணெதிரே நடந்ததைச் சொல்கிறேன். ஹூபெய் மாநிலத்துக் கிராமத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி. வாசிப்பில் கெட்டிக்காரி, கேட்டலில் பாதிக்கு மேல் போகமாட்டாள். ஒருநாள் மாலை பழைய வினாத்தாள் ஒன்றின் உரையாடலை அவளுக்குப் போட்டேன். அதில் 'ஷுட் ஹேவ் கால்டு' என்பது 'ஷுடவ்கால்ட்' என்று உருண்டு வரும். தவறான விடையைக் குறித்தாள். இரண்டாம் முறை போட்டேன், அதே விடை. மூன்றாம் முறையும் போட்டேன். விரலை அந்த விடையின் மீது வைத்தபடி என்னைப் பார்த்தாள். எழுத்து வடிவத்தை எடுத்து அவள் முன் வைத்ததும், ஒரு நொடிகூட ஆகவில்லை, "இதுவா!" என்று சரியான விடைக்கு மாற்றிவிட்டாள். அவளுடைய ஞாபகத்தில் எந்தக் குறையும் இல்லை. கண் அறிந்த சொல்லைக் காது அறியவில்லை. முப்பது முறை போட்டாலும் அவளுக்கு அது விளங்கியிருக்காது. ஒருமுறை ஒலித்ததே அவளை அளக்கப் போதுமானதாக இருந்தது.

பினாங்குக்காரன் எழுதியது:

வாசிப்பை ஏன் எல்லாரும் தொடாமல் போகிறீர்கள்? எனக்குத் தெரிந்த வரையில் அந்தத் தேர்வின் வாசிப்புப் பகுதிதான் பெரிய ஏமாற்று. 40 நிமிடத்தில் 15 சொற்களின் பட்டியலிலிருந்து 10 கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும்; பிறகு ஒரு நீண்ட கட்டுரையில் 10 கூற்றுகள் எந்தெந்தப் பத்தியில் உள்ளன என்று கண்டுபிடிக்க வேண்டும்; பிறகுதான் ஊன்றிப் படிக்க வேண்டிய இரண்டு பகுதிகள். நீண்ட கட்டுரையை எவனும் படிப்பதில்லை. கூற்றில் உள்ள ஆளின் பெயரையும் ஆண்டையும் எண்ணையும் வட்டமிட்டுக்கொண்டு கட்டுரைக்குள் தேடிப் போகிறான். தொலைந்த சாவியைத் தேடுவதற்குப் பெயர் வாசிப்பா?

இன்னொன்று. சீனம் பேசுகிறவர்களுக்குச் சொல்லிறுதி மெய்யொலி காதில் விழாது என்று வூஹான்வாசி முன்பொரு முறை எழுதியிருந்தார். அப்போதே பொறுத்துக்கொண்டேன். மாண்டரின் மட்டும்தான் சீனமா? எங்கள் பினாங்கில் வீட்டில் ஹொக்கியன் என்னும் தென்சீன மொழி பேசும் மாணவர்களுக்குப் ப், ட், க் என்று வெடிக்காமல் நிற்கும் இறுதி ஒலிகள் பிறப்பிலேயே வருகின்றன. கண்டொனீஸ் பேசுகிறவர்களுக்கும் அப்படியே.

வூஹான்வாசி எழுதியது:

நான் வாழ்வது வூஹானில். பேசியது என் மாணவர்களைப் பற்றி. மாண்டரின் சொற்கள் உயிரொலியிலோ, ன், ங் போன்ற மூக்கொலியிலோ, சில இடங்களில் 'ர்' ஒலியிலோ முடியும். வேறு மெய்யில் முடியா. ஆகையால் ஆங்கிலத்தில் 'கேன்', 'கான்ட்' என்ற இரண்டும் வேகமாக வரும்போது அவர்களுக்கு ஒன்றாகவே கேட்கின்றன. பினாங்கைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. 'பெய்ஜிங்' என்ற பெயரை நீங்கள் பழைய முறையில் எழுதியதைத் திருத்தினேன் என்பதற்காக இரண்டு ஆண்டுகளாக என் ஒவ்வொரு பதிவின் கீழும் வந்து நிற்கிறீர்கள்.

நீண்ட கட்டுரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயரைத் தேடிப் போகிறவன் அந்தப் பெயரை நான்கு பத்திகளில் காண்பான். கூற்று வேறு சொற்களால் எழுதப்பட்டிருக்கும். பொருள் புரியாதவன் அங்கேயே நின்றுவிடுவான். ஆனால் இந்த இழை கேட்டலைப் பற்றியது, ஒருமுறை ஒலிப்பதைப் பற்றியது. அதற்கு வாருங்கள்.

பினாங்குக்காரன் எழுதியது:

பீக்கிங் என்று எழுதுவது தவறன்று. எங்கள் ஊரில் மூன்று தலைமுறையாக அப்படித்தான் சொல்கிறோம்.

செந்நாரை எழுதியது:

நான் நான்ஜிங்கில் சீன மொழி படித்தவள். அயல்நாட்டாருக்கான எச்எஸ்கே என்னும் சீனமொழித் தேர்வில் மூன்றாம் நிலை வரை ஒலிப்பதிவு இரண்டு முறை வந்தது. நான்காம் நிலையிலிருந்து ஒருமுறைதான். சீனாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவின் தேசிய வினாத்தாளில் ஆங்கிலக் கேட்டலுக்கு முதலில் வரும் ஐந்து சிறு உரையாடல்களை ஒருமுறையும், அடுத்து வரும் நீண்டவற்றை இரண்டு முறையும் ஒலிக்கவிடுவார்கள். அதாவது 18 வயது வரை நீண்ட பேச்சை இரண்டு முறை கேட்டே பழகிய பிள்ளை, பல்கலைக்கழகம் வந்ததும் ஒருமுறைக்கு மாறுகிறது. அந்த மாற்றம்தான் அவர்களை வீழ்த்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் பேசுவதற்கு முன்னால், "உயர்நிலைக் கேட்டல்" என்று நாம் எதைச் சொல்கிறோம் என வரையறுத்துக்கொள்ளலாமா? 2018இல் சீனக் கல்வி அமைச்சகம் ஒன்பது படிகள் கொண்ட ஆங்கிலத் திறன் அளவுகோல் ஒன்றை வெளியிட்டது. அதில் எந்தப் படியை நாம் உயர்நிலை என்கிறோம்?

திருச்சிப் பேராசிரியர் எழுதியது:

பார்த்தீர்களா, அம்மையார் என் வாதத்தையே உறுதிப்படுத்துகிறார். நீண்ட பதிவுக்கு இரண்டு முறை தேவை என்று சீனர்களே காவ்காவில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்! வூஹான்வாசி தாம் சொன்ன மாணவியின் கதையாலேயே தம்மைக் கட்டிப்போட்டுக்கொண்டார். மூன்று முறை போட்டும் அவள் மாறவில்லை என்றால், இரண்டு முறை ஒலிப்பதால் தகுதியற்றவர் யாரும் தப்பித்துவிட மாட்டார் என்றுதானே பொருள்? அப்படியானால் இரண்டு முறை ஒலிக்கவிடுவதில் உங்களுக்கு என்ன நட்டம்?

கேம்பிரிட்ஜ் ஏன் இரண்டு முறை ஒலிக்கவிடுகிறது என்பதற்கு இன்னும் விடை வரவில்லை.

வூஹான்வாசி எழுதியது:

ஐயா, அது ஒரு மாணவியின் ஒரு கேள்வி. எல்லாக் கேள்விகளும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். சீனத்தில் பத்தாயிரத்துக்கு 'வான்' என்று தனிச்சொல் உண்டு. மூன்று லட்சத்தை முப்பது வான் என்பார்கள். ஆங்கிலத்தில் 'த்ரீ ஹண்ட்ரட் தௌசண்ட்' என்று காதில் விழுந்ததும், அந்தப் பிள்ளை அதை வானாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அடுத்த இரண்டு வாக்கியங்கள் கடந்து போய்விடும். நமக்கும் லட்சம், கோடி இருப்பதால் இந்தத் தடுமாற்றம் விளங்கும். வாசிப்பில் அதே எண் இலக்கமாகக் கண்முன் நிற்கும், தடுமாற்றமே வராது. இரண்டாம் முறை ஒலித்தால் இந்தப் பிள்ளை தப்பித்துவிடுவாள். நிமிடத்திற்கு 140 முதல் 160 சொற்கள் ஓடும் பேச்சை அவளால் தொடர முடியாது என்ற உண்மையும் அதோடு மறைந்துவிடும். அந்த வேகத்தோடு ஓடுவதைத்தான் நாம் அளக்கிறோம்.

இந்தத் தேர்வு நேற்று முளைத்ததன்று. இதற்குக் கீழுள்ள நான்காம் நிலைக் கல்லூரி ஆங்கிலத் தேர்வு 1987இலும் ஆறாம் நிலை 1989இலும் தொடங்கின. 2005ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்கு முன்பு கேட்டலுக்கு 20 விழுக்காடுதான் இருந்தது. படிக்கத் தெரியும், ஆனால் பேசவோ கேட்கவோ வராது என்ற நிலையை அங்கே 'ஊமை ஆங்கிலம்' என்று பெற்றோர்கூடக் குறைசொன்ன காலம் அது. அந்தக் குறையைத் தீர்க்கவே கேட்டலின் பங்கை 35ஆக உயர்த்தினார்கள். நீங்கள் இரண்டு முறை ஒலிக்கவிட்டு அந்தப் பிள்ளைகளைப் பழைய இடத்திற்கே அனுப்பப் பார்க்கிறீர்கள்.

செந்நாரை எழுதியது:

என் கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. எது உயர்நிலை?

பினாங்குக்காரன் எழுதியது:

வூஹான்வாசி ஒன்றை மறைக்கிறார். ஆறாம் நிலைக் கேட்டல் பகுதியைப் பல கல்லூரிகளில் பண்பலை வானொலி வழியாக அனுப்புகிறார்கள். மாணவர்கள் தாங்களே வானொலிக் காதணி வாங்கிவர வேண்டும். மின்கலம் தீர்ந்தாலோ அலைவரிசை கரகரத்தாலோ ஒருமுறைதான் ஒலிக்கும் பேச்சு போனது போனதுதான். அது எந்தத் திறனுக்கான சோதனை? காதணி வாங்கும் திறனுக்கா?

வூஹான்வாசி எழுதியது:

தேர்வுக்கு முன்பே சோதனை ஒலிபரப்பு உண்டு. புது மின்கலம் போட்டு வரும்படி ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறோம். ஒரு பல்கலைக்கழகத்தில் ஒருமுறை அலைவரிசை கெட்டு, பின்வரிசைப் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன், மறுப்பதற்கில்லை. அது கருவியின் கோளாறு. கருவி கெட்டதற்காகத் தேர்வின் முறையை மாற்றச் சொல்வது, தராசு துருப்பிடித்ததற்காக எடைக்கல்லைக் குறைக்கச் சொல்வதைப் போன்றது.

உண்மையான கடுமை எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்வேன். கேட்டல் முடிந்தவுடன் முதல் விடைத்தாளை வாங்கிவிடுவார்கள். கேட்டுக்கொண்டே கட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். பின்னால் வந்து நிரப்ப வழியில்லை. அரைமணி நேரம் காதும் கையும் ஒன்றாக உழைக்கின்றன. இதைத் தாங்கி 500க்கு மேல் எடுக்கும் பிள்ளையின் செவியை, திருச்சியில் அமர்ந்துகொண்டு வெறும் ஞாபகசக்தி என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். ஒருமுறை ஒலிப்பதுதான் சரி.

திருச்சிப் பேராசிரியர் எழுதியது:

திருச்சியில் அமர்ந்திருப்பது குற்றம் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். காதும் கையும் ஒன்றாக உழைக்க வேண்டும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். கட்டத்தைக் கறுப்பாக்கும் அந்த இரண்டு நொடிகளில் நழுவிப்போன வாக்கியத்தை மீட்டுக்கொள்ளத்தான் இரண்டாம் முறை வேண்டும் என்கிறேன்.

மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்: கேம்பிரிட்ஜ் ஏன் இரண்டு முறை ஒலிக்கவிடுகிறது?

வூஹான்வாசி எழுதியது:

நானும் திருப்பிக் கேட்கிறேன்: ஐஇஎல்டிஎஸ் ஏன் ஒருமுறை ஒலிக்கவிடுகிறது? டிசம்பர்த் தேர்வு நெருங்குகிறது. நாளை காலை எட்டு மணிக்கு எனக்கு வகுப்பு. மூன்று விரிவுரைப் பதிவுகளை எடுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் போடுவேன்.

பினாங்குக்காரன் எழுதியது:

ஹொக்கியன் பற்றி நான் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.