ஷார்ப்னரும் நம்ம ஊர் வெள்ளைக்கல்லும்: சேலத்துக்காரர்களின் அனுபவங்கள்

சின்னக்கடை வீதியிலிருந்து:

ஸ்டேஷனரி கடை கல்லாவில் பாதி ஆயுளைக் கழித்தவன் என்பதால் நானே ஆரம்பிக்கிறேன். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஷார்ப்னர் டப்பா டப்பாவாகப் போகும். கொஞ்ச நாளில் "அங்கிள், இது பென்சிலைத் தின்னுது, வேற குடுங்க" என்று பிள்ளைகள் திரும்பி வருவார்கள். வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஷார்ப்னர்மேல் தப்பு இருக்காது. பென்சில் பல தடவை கீழே விழுந்து, உள்ளே கரி துண்டு துண்டாகியிருக்கும். அதை எதில் சீவினாலும் முனை கழன்று விழத்தான் செய்யும்.

பிளேடு எப்படி இருக்கிறது என்பதைச் சீவலே சொல்லிவிடும். பூப்போல விரிந்து, ஓரத்தில் பெயிண்ட் கோடு அறுபடாமல் வந்தால் பிளேடு நல்ல கூர். தூளாகக் கொட்டினால் மழுங்கிவிட்டது. மழுங்கியது பிளேடு மட்டும்தான். ஒரே ஒரு திருகு. அதைக் கழற்றி மாற்றினால் உலோக ஷார்ப்னர் பல வருடம் உழைக்கும். அது தெரியாமல் குப்பையில் போடுகிறார்களே என்று எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

இவ்வளவு சின்னப் பொருள் எப்போது வந்தது என்று தேடிப் படித்தேன். கரியையும் களிமண்ணையும் கலந்து சுட்டுப் பென்சில் செய்யும் முறைக்கு பிரான்சின் கோன்டே 1795-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் சீவுவதற்குப் பேனாக்கத்திதான். அதே பிரான்சில் பெர்னார்ட் லாசிமோன் என்பவர் ஷார்ப்னருக்குக் காப்புரிமை எடுத்தது 1828-ல். அமெரிக்காவில் வால்டர் ஃபாஸ்டர் என்பவருடைய காப்புரிமை 1855-ல். பிறகு 1908 வாக்கில் ஜெர்மனியின் எர்லாங்கன் ஊரில் உலோக ஷார்ப்னர் தயாரிப்பு தொழிலாகவே வேரூன்றியது. இன்றும் நல்ல ஷார்ப்னர் என்றால் அந்த ஊர்ச் சரக்கைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

பழைய பித்தளை ஷார்ப்னர் கையில் கனக்கும். அதே அளவில் வெள்ளி நிறத்தில் ஒன்று வரும், எடையே தெரியாது. அது என்ன உலோகம் என்று யாராவது சொல்லுங்களேன்.

ஏற்காட்டிலிருந்து:

அண்ணா, அது மக்னீசியக் கலவை. அலுமினியத்தை விடவும் லேசு. நான் இங்கே பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன், எங்கள் ஆய்வகத்தில் அந்த ஷார்ப்னருக்குத் தனி மரியாதை உண்டு. கண்ணாடி டம்ளரில் வினிகர் ஊற்றி ஷார்ப்னரைப் போடச் சொல்வேன். போட்ட உடனே நுரைக்கும். மேலே வருவது ஹைட்ரஜன்.

பிள்ளைகள் வாயைப் பிளப்பது அதற்கில்லை. உப்புத் தண்ணீரில் போட்டு வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் உடம்பெல்லாம் அரித்துப்போய் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும், பிளேடு மட்டும் துருப்பிடிக்காமல் பளபளவென்று இருக்கும். இரும்பும் மக்னீசியமும் ஒட்டி இருந்தால் மக்னீசியம் முதலில் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். கப்பலின் அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டிகளை வைப்பதும் இதே காரணத்துக்குத்தான். பாடத்தில் ஒரு பக்கம் எழுதி வைத்திருப்பதை ஒரு டம்ளர் புரிய வைத்துவிடுகிறது.

அப்புறம் ஊர்க்கதைக்கு வருவேன். மலையிறங்கிச் சேலம் போகும்போது வெள்ளை வெள்ளையாகத் தெரிகிற சுரங்க மேடுகள் எல்லாம் மாக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். அங்கே ஒரு ரயில் நிலையத்துக்கே மாக்னசைட் ஜங்ஷன் என்றுதான் பெயர். நம் வெள்ளைக்கல் போனது உருக்காலைகளின் சூளைச் செங்கல்லுக்கு, ஷார்ப்னருக்கு அல்ல. ஆனாலும் பென்சில் டப்பாவில் கிடப்பதும் நம் மலையடிவாரத்தில் புதைந்திருப்பதும் ஒரே தனிமம் என்று சொன்னால், கடைசி பெஞ்சுப் பையன்கூட நிமிர்ந்து உட்காருகிறான்.

அம்மாபேட்டையிலிருந்து:

டீச்சர் சொன்னது எனக்குப் புதுசு, நன்றி. நான் பட்டுச்சேலைக்கு கிராஃப் தாளில் டிசைன் போட்டவன். ஒவ்வொரு கட்டமும் ஒரு இழைக்குக் கணக்கு, முனை தடித்தால் பக்கத்துக் கட்டத்தில் ஏறிவிடும். அதனால் மேசையில் திருகிப் பொருத்துகிற, கைப்பிடி சுற்றுகிற மெஷின்தான் எங்களுக்கு.

அதைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே பிளேடு கிடையாது. வரிவரியாகப் பல் வெட்டிய இரண்டு எஃகு உருளைகள் சாய்வாக நிற்கும். பென்சில் அசையாமல் இருக்க, அவை தாமும் சுழன்றுகொண்டே பென்சிலையும் சுற்றி வரும். எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் விழுவதால்தான் முனை ஊசிபோல வருகிறது.

கையில் எடுத்துப் போகும் சுற்றுகிற ஷார்ப்னருக்கு 1897-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் ஜான் லீ லவ். கறுப்பினத்தவர், தச்சுவேலை தெரிந்தவர். சீவலைத் தனக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும் அமைப்பு அவருடையது. கைவேலை செய்கிற ஒருவருக்குத்தான் சீவல் தாளில் விழுந்து கரி அப்பிக்கொள்ளும் எரிச்சல் தெரியும் என்று நினைக்கிறேன்.

மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: வண்ணப் பென்சிலை அதில் விடாதீர்கள். அதன் மெழுகு உருளையின் பல்லில் அப்பிக்கொள்ளும். தெரியாமல் விட்டுச் சீவிவிட்டால், பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, சாதாரணப் பென்சில் இரண்டைச் சீவுங்கள். மிச்சமும் வந்துவிடும்.