ஃபிரெஸ்னோ வாடகை வீட்டில் அலமாரிக்குப் பின்னால் கரும்பூசணம்: காற்றைப் பரிசோதிக்க வேண்டுமா?

குடித்தனக்காரர்:
வணக்கம். கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கிலுள்ள ஃபிரெஸ்னோவில், 1970களில் கட்டிய ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். டிசம்பரில் ஒரு வாரம் மூடுபனி விலகாமல் நின்ற பிறகு, படுக்கையறையின் வடக்குச் சுவரை ஒட்டியிருந்த துணி அலமாரியை நகர்த்தினோம். சுவரின் அடிப்பகுதியில் ஏறக்குறைய இரண்டடி உயரத்துக்கும் மூன்றடி அகலத்துக்கும் கரும்பூசணம் படர்ந்திருந்தது. மகனுக்கு ஆஸ்துமா உண்டு. வீட்டை நிர்வகிப்பவர் மேலே பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறார். ஒரு நிறுவனம் காற்று மாதிரி எடுத்துச் சோதிக்கச் சில நூறு டாலர் கேட்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் அஞ்சுகிற ‘வேலி ஃபீவர்’ (பள்ளத்தாக்குக் காய்ச்சல்) இதனால்தான் வருகிறதா? மூடுபனி உள்ள ஊரில் பூசணத்தோடுதான் வாழ வேண்டுமா?

பழைய வீட்டு ஆய்வர்:
மூடுபனியின் மேல் பழி போடுவதற்கு முன் ஒரு கணக்கைப் பாருங்கள். மழைக்குப் பின் காற்றில்லாத தெளிந்த இரவில், சியரா நெவாடா மலைத்தொடருக்கும் கடலோர மலைகளுக்கும் இடையே குளிர்காற்று தேங்கி நிற்பதால் உண்டாவதே இங்குள்ள ‘டூலி’ மூடுபனி. டூலி என்பது இப்பள்ளத்தாக்கின் சதுப்புகளில் வளரும் கோரை. ஐந்து டிகிரி செல்சியஸில் ஈரம் நிறைந்து நிற்கும் அந்தக் காற்றையே வீட்டுக்குள் இழுத்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். மின்கட்டணத்துக்குப் பயந்து ஹீட்டரை அணைத்து வீட்டை 12 டிகிரியில் வைத்திருந்தால் அதே காற்று 60 விழுக்காட்டைத் தாண்டும். அதனோடு சோறு வடிக்கும் ஆவி, இட்லிப் பானையின் ஆவி, குளியலறை வெந்நீர், மழைக்கு அஞ்சி வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்தும் துணிகள் எல்லாம் சேர்கின்றன. அலமாரி மறைத்த சுவருக்கு அறையின் வெதுவெதுப்பு எட்டுவதில்லை. ஆகவே ஈரம் அங்கேதான் வியர்த்து நிற்கும், இங்கே உட்சுவராகப் பொருத்தும் ஜிப்சம் பலகையின் காகித உறை பூசணத்துக்கு உணவாகும்.

பூசணத்தின் இனத்தைக் கண்டுபிடிப்பதைவிடத் தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடிப்பதே முக்கியம். அலமாரியைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி வையுங்கள், அறையைச் சூடாக வையுங்கள், நான்கைந்து நாள் பொறுங்கள். சுவர் முழுவதும் உலர்ந்தால் அது வெறும் வியர்வை. ஏதேனும் ஓரிடம் மட்டும் உலராவிட்டால் அங்கே கசிவு இருக்கிறது. டார்ச் ஒளியைச் சுவரோடு சாய்த்து அடித்தால் உப்பிய இடம் நிழலாகத் தெரியும். கட்டைவிரலால் அழுத்தினால் பலகை மெத்தென்று உள்ளே போகும். குளியலறை விசிறியின் குழாய் கூரைக்கு வெளியே போகிறதா, பரணிலேயே முடிந்துவிடுகிறதா என்பதையும் பாருங்கள். கோடையிலும் அசட்டையாக இருக்க முடியாது: 40 டிகிரி வெயிலில் கூரைமேல் ஓடும் ஏர்கூலர் ஈரக்காற்றைத்தான் உள்ளே தள்ளுகிறது, அதன் தொட்டி ஒழுகினால் ஈரம் பரணில் இறங்கும்.

பேக்கர்ஸ்ஃபீல்டு செவிலி:
வேலி ஃபீவர் பற்றிய அச்சத்தை மட்டும் விலக்கிவிடுகிறேன். அதற்குக் காரணமான காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சை மண்ணில் வாழ்வது; புழுதி பறக்கும்போது மூச்சோடு உள்ளே போகிறது. உங்கள் சுவரில் படர்ந்திருப்பது அதுவன்று. ஆனால் வாரக்கணக்கில் நீங்காத காய்ச்சல், இருமல், அயர்ச்சி இருந்தால் இப்பகுதியில் வாழ்பவர் அதற்கான இரத்தப் பரிசோதனையை மருத்துவரிடம் கேட்பது நல்லது. சுவர்ப் பூசணம் ஆஸ்துமாவைக் கிளறும்; அதற்கு அது கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சுத்தம் முடியும்வரை மகனை அந்த அறையில் படுக்கவைக்க வேண்டாம்.

மெர்சிட் குடியிருப்பாளர்:
காற்றுப் பரிசோதனைக்குப் பணம் கொடுக்காதீர்கள். வீட்டுக்குள் எவ்வளவு பூசண வித்து இருக்கலாம் என்பதற்கு மாநிலத்தில் எண் வரம்பே கிடையாது. 2001இல் அதற்காக ஒரு சட்டம் இயற்றினார்கள், ஆயினும் வரம்பு வகுக்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரியும் பூசணம், ஈரம், முடைநாற்றம் ஆகியவையே போதுமான சான்று என்பது மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையின் நிலைப்பாடு. 2016 முதல், கண்ணுக்குத் தெரியும் பூசணம் சட்டப்படி வீட்டைத் தரக்குறைவானதாக ஆக்கும் குறைகளுள் ஒன்று. இயல்பாகவே ஈரம் படியும் பரப்புகளில் தோன்றும் சிறு பூசணம் மட்டும் விதிவிலக்கு. ஆனால் வீட்டு உரிமையாளருக்குத் தகவல் போன பிறகே அவருடைய பொறுப்பு தொடங்குகிறது. ஆகவே தொலைபேசியில் புலம்பாமல், படங்களோடு தேதியிட்டு எழுத்தில் கொடுங்கள்.

குடித்தனக்காரர்:
ஐந்து நாள் பொறுத்துப் பார்த்தேன். சுவர் உலர்ந்துவிட்டது, இடது மூலையைத் தவிர. அதற்கு நேர் வெளியே தோட்டக் குழாய் இருக்கிறது. குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் சொட்டுகிறது. மூலையில் பலகை மெத்தென்று இருக்கிறது. கடிதம் அனுப்பிவிட்டேன். மீதிப் பகுதியை நானே ப்ளீச் ஊற்றித் துடைக்கலாமா?

பழைய வீட்டு ஆய்வர்:
பத்துச் சதுர அடிக்கு உட்பட்டது என்பதால் நீங்களே செய்யலாம், ஆனால் ப்ளீச் தேவையில்லை. கெட்டியான பரப்பைச் சோப்புத்தூள் கலந்த நீரால் துடைத்து உலரவிட்டால் போதும். அமோனியா உள்ள திரவத்தோடு ப்ளீச் கலந்தால் நச்சு வாயு வரும். என்95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி அணியுங்கள். ஹீட்டரை நிறுத்தி அறையின் காற்றுத் துளையை மூடுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். மெத்தென்ற பலகையைத் துடைத்துப் பயனில்லை. குழாயைச் சரிசெய்த பிறகு அதை வெட்டியெடுத்துப் பையில் கட்டி வெளியேற்ற வேண்டும். அது உரிமையாளரின் வேலை. உள்ளேயிருக்கும் மரச்சட்டம் ஈரமானியில் 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை புதிய பலகை வைத்து மூடவிடாதீர்கள்; இந்த மூடுபனியில் அதற்கு ஒரு வாரத்துக்கு மேலேயும் ஆகலாம், ஒரு மின்விசிறியை அந்த மூலையைப் பார்த்து ஓடவிடுங்கள்.