சபைக்குள் வளர்ந்த பிள்ளைகள்: கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்து அனுபவங்கள்

பர்கூர்க்காரி

இயேசுவின் வருகை என்றால் என்ன என்று நான் விளக்கப் போவதில்லை. கிறிஸ்தவ சபையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் பக்கத்துத் தெரு ஒலிபெருக்கியில் கேட்டிருப்பீர்கள். எக்காளம் ஊதும், ஆயத்தமாக இருப்பவர்கள் இமைப்பொழுதில் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள். அப்புறம் ஏழு வருஷம் உபத்திரவம், நெற்றியில் 666.

நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் ஊருக்குப் பின்னால் கிரானைட் குவாரி. வெடி வைக்கும் முன் சங்கு ஊதுவார்கள், வழக்கமாகச் சாயங்காலம்தான். அன்றைக்கு என்னவோ மதியமே ஊதிவிட்டார்கள். பள்ளிக்கூடம் அரைநாள் விட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைகிறேன். கதவு திறந்து கிடக்கிறது. அடுப்பில் பருப்பு கொதிக்கிறது. அம்மா இல்லை. தம்பியின் தூளி மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. சங்கு நின்றது, தரை அதிர்ந்தது.

எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. தம்பி கைக்குழந்தை, அவன் போயிருப்பான். அம்மாவும் போயிருப்பாள். நான் ஏன் போகவில்லை என்றால், முந்தின நாள் கடைக்குப் போனபோது மிச்சம் ஐம்பது காசை மறைத்துத் தேன்மிட்டாய் வாங்கித் தின்றிருந்தேன்.

பாஸ்டரம்மா இருந்தால் இது வருகை இல்லை என்று அவர் வீட்டுக்கு ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. வாசலில் பாஸ்டர் ஐயாவின் டிவிஎஸ் மட்டும் நிற்கிறது. அழுதுகொண்டே தெருத்தெருவாக ஓடினேன். ரேஷன் கடை வரிசையில், மண்ணெண்ணெய் அளவு குறைகிறது என்று கடைக்காரரைப் பிடித்துக் கிழித்துக்கொண்டிருந்தார் பாஸ்டரம்மா. அவ்வளவு அழகான சண்டையை அதற்கப்புறம் நான் பார்த்ததே இல்லை.

அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போயிருந்தாள், தண்ணீர் வந்திருக்கிறது. இந்த விஷயத்தை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. எனக்கு இப்போது 34. வீட்டில் திடீரென்று சத்தம் அடங்கினால் யாருக்காவது போன் போட்டு ஒன்றுமில்லாத கதை பேசுவேன். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் இருந்தால் எழுதுங்கள்.

பென்னாகரம் டீச்சர்

நான் சபை இல்லை. அரசு தொடக்கப்பள்ளியில் 11 வருஷமாக வேலை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பொரி, கடலை, வெல்லம் பொட்டலம் கட்டி எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தோம். இரண்டாம் வகுப்பில் ஒரு பாப்பா, சபைக்குப் போகிற வீடு. வாங்கிக்கொண்டாள், ஆனால் பிரிக்கவே இல்லை. மணியடிக்கிற வரைக்கும் கையில் பிடித்தபடி நின்றாள். வெல்லம் கசிந்து தாள் நனைந்துவிட்டது.

"ஏன் கண்ணு சாப்பிடல?"

"இதச் சாப்பிட்டா எங்கப்பாவுக்கு மறுபடியும் குடிப் பிசாசு வந்துடும் டீச்சர்."

அவள் அப்பா குடியை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. சபைக்குப் போன பிறகுதான் விட்டார், ஊருக்கே தெரியும். அந்த நல்லதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் குடிக்காமல் இருப்பது இந்தப் பிள்ளையின் கையில் இருக்கிற பொரியைப் பொறுத்தது என்று ஏழு வயதில் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் ஒன்றும் தோன்றாமல், "சரி, சாப்பிட வேணாம், போகும்போது மாட்டுக்குப் போட்டுடு" என்றேன்.

"மாட்டுக்குப் பிசாசு வராதா டீச்சர்?"

பாலக்கோடு 1984

டீச்சர், கோபிக்காதீர்கள். பொட்டலத்தை சாமி படத்துக்கு முன் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுத்தானே கொடுத்தீர்கள்? முழுக்க அரசுப் பணத்தில் நடக்கிற பள்ளியில் மதபோதனை கூடாது என்று அரசியல் சாசனம் 28ஆம் பிரிவு சொல்கிறது. பூஜை போதனையில் வருமா வராதா என்று வக்கீல்கள் பேசட்டும். அந்தப் பாப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு பக்கம் சபை அவளைப் பிடித்து இழுக்கிறது, இன்னொரு பக்கம் பள்ளிக்கூடம். பயந்தது அவள், கேள்வி கேட்கப்படுவதும் அவளா?

என் கதை சின்னது. எங்கள் ஊரில் பாரதக் கூத்து நடக்கும், கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம். மண்ணில் பெரிய உருவம் செய்து கிடத்தியிருப்பார்கள். என் வகுப்புத் தோழனுக்கு அதைப் பார்க்கத் தடை, பார்த்தால் கண் வழியாக அசுத்த ஆவி நுழையுமாம். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கூட்டத்துக்குள் வந்து நின்றான். "பாக்கத்தான் கூடாதுன்னாங்க, கேக்கக் கூடாதுன்னு சொல்லல. நீ சொல்லுடா" என்றான். பீமன் தொடையில் அடித்ததிலிருந்து திரௌபதி கூந்தல் முடித்தது வரை நான்தான் அவனுக்குச் சொன்னேன். இடையில் ஒரு தடவைகூடக் கண்ணைத் திறக்கவில்லை அவன்.

பென்னாகரம் டீச்சர்

நாற்பது வருஷமாக நடக்கிற வழக்கம், தலைமையாசிரியர் செய்வது, நான் என்ன செய்ய என்று பதில் எழுதி அழித்துவிட்டேன். கற்பூரம் காட்டியது உண்மைதான்.

ஓசூர் ஞாயிறு வகுப்பு அக்கா

நான் விசுவாசி, இன்றைக்கும்தான். அதனால் என்னை அடிக்க வர வேண்டாம். மே மாதம் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தியவர்களுக்கு 'வார்த்தையில்லாப் புத்தகம்' தெரியும். எழுத்தே இருக்காது, வெறும் நிறப் பக்கங்கள். கறுப்பு பாவம், சிவப்பு இரத்தம், வெள்ளை சுத்தமான இருதயம், தங்க நிறம் பரலோகம். 1866இல் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற போதகரின் பிரசங்கத்தில் மூன்று நிறம்தான் இருந்தது, தங்கத்தை 1875இல் டி.எல். மூடி என்ற அமெரிக்கப் பிரசங்கியார் சேர்த்தார் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் புரியும் என்பதால் அது கையில் இல்லாமல் நாங்கள் போகவே மாட்டோம்.

சூளகிரி தாண்டி ஒரு கிராமம். வேப்பமரத்தடியில் முப்பது பிள்ளைகள். கறுப்புப் பக்கத்தைத் தூக்கிக் காட்டி, "இதுதான் உன் இருதயம். இப்படியே செத்தா எங்க போவ?" என்று கேட்டேன். எல்லோரும் கோரஸாக "நரகம்!" முன்வரிசையில் ஒரு பையன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தான், பக்கத்தைப் பார்த்தான், திரும்ப முழங்கையைப் பார்த்தான். அப்புறம் கையை அரைக்கால் சட்டைக்குள் மறைத்துக்கொண்டான்.

நான் சட்டென்று வெள்ளைப் பக்கத்துக்குத் திருப்பினேன். அது இன்னும் மோசம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அதற்கப்புறம் அந்தப் புத்தகத்தை எடுக்கவில்லை. வேறு கதை சொல்கிறேன், காணாமல் போன ஆடு, ஐந்து அப்பம், இந்த மாதிரி. 'பயத்தைச் சொல்லாமல் எப்படிப் பிள்ளைகளை இரட்சிப்புக்குள் நடத்துவாய்?' என்று சபையில் கேட்கிறார்கள். என்னிடம் நல்ல பதில் இல்லை.

கோவிலூர் பேரன்

எங்கள் பாட்டி பழைய ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). இந்தப் பதிவைப் படித்துக் காட்டினேன். பர்கூர்க்காரி சொல்லும் இந்த இரகசிய வருகை பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. 1830களில் டார்பி என்பவர் பரப்பிய போதனை அது. 1909இல் ஸ்கோஃபீல்டின் குறிப்புகளோடு வந்த வேதாகமம்தான் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் கோவில்கள் அதற்கு வெகுகாலம் முன்னாலேயே இருந்தவை. ஆகவே 'கிறிஸ்தவர்கள் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள்' என்று பொதுவாகப் போடாதீர்கள்.

பின்குறிப்பு: இதைப் பாட்டியிடம் பெருமையாகச் சொன்னேன். "எங்களுக்கு உத்தரிக்கிற ஸ்தலம் இருந்துச்சுடா, செத்தவங்க பாவம் தீர வேதனப்படுற எடம், அதுக்கே ராத்திரி ஒண்ணுக்குப் போகப் பயந்தோம்" என்றார்.

காரிமங்கலம் நலம்விரும்பி

என் தங்கை மகளும் இப்படித்தான், தூக்கத்தில் 'கைவிட்டுடாதீங்க' என்று அலறுவாள், அது கிடக்கட்டும். பெற்றோர் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் பிள்ளையிடம் நரகம் இல்லை என்று வாதாடக் கூடாது. அதற்கு இருப்பது பயம், கொள்கை இல்லை. "அம்மா எங்கே போனாலும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன்" என்று சொல்லி, அதை நிஜமாகவே செய்ய வேண்டும். இரண்டாவது, படுக்கப் போகும் முன் பாவப்பட்டியல் சொல்ல வைக்கும் ஜெபத்தை நிறுத்திவிட்டு நன்றி சொல்லும் ஜெபம் வையுங்கள். விசுவாசிகளே இதைச் செய்யலாம். பிறகு அடி. பிரம்பு எடுக்காதவன் மகனைப் பகைக்கிறான் என்கிற வேத வசனம் நீதிமொழிகள் 13:24ஐக் காட்டிப் பிரம்பு எடுக்கிறவர்கள் கவனிக்க: 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஞாயிறு வகுப்புப் பள்ளிக்கூடம் இல்லைதான், ஆனால் அடி அடிதானே. காயம் தெரிகிற அளவுக்குப் போனால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், பேர் சொல்ல வேண்டியதில்லை. மேலும், ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992இல் சேர்ந்திருக்கிறது. அதன் 14ஆம் பிரிவு பிள்ளைக்கும் மனச்சாட்சி சுதந்திரம் உண்டு என்கிறது. அதே பிரிவு வழிநடத்தப் பெற்றோருக்கு உரிமையும் கடமையும் உண்டு என்றும் சொல்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தவிர, பிள்ளைக்குத் தினமும் ஊறவைத்த பாதாம் நான்கு கொடுங்கள், பயம் குறையும்.

பர்கூர்க்காரி

பாதாம் வரைக்கும் நன்றாகத்தான் போனது ஐயா. நான் ஆலோசனை கேட்கவில்லை, உங்கள் தங்கை மகள் கதையைத்தான் கேட்டேன். அதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்.

நடுவில் ஒருவர் இதை மதமாற்றப் பிரச்சினை ஆக்கி நீளமாக எழுதியிருந்தார், பதில் சொல்லப் போவதில்லை. என் அம்மாவை யாரும் மாற்றவில்லை, தாத்தா காலத்திலேயே சபை.

ஊத்தங்கரை தாய்மாமன்

இதுவரை யாரிடமும் சொல்லாதது. அக்கா மகனுக்கு அப்போது எட்டு வயது. அக்காவுக்கு ஒரே கவலை, சபையில் அவன் வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஆவியின் அபிஷேகம் பெற்று அந்நியபாஷை (ஆவி வந்து பேசுகிற, யாருக்கும் தெரியாத பாஷை) பேசிவிட்டார்கள், இவன் மட்டும் இன்னும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வெளியே வெயில், அதனால் நானும் சபைக்குள்ளேயே உட்கார்ந்தேன்.

தகரக் கூரை, மேலே ஒரே ஃபேன். பிள்ளைகளை முன்னால் முழங்காலில் நிறுத்தினார்கள். தலையில் கை வைத்து, "பேசு, நாவைக் கட்டவிழ்த்து விடு, பேசு!" அக்கா பின்னால் நின்று அழுகிறாள். அவன் சாப்பிட்டு எட்டு மணி நேரம் இருக்கும். முக்கால் மணி நேரம் போயிருக்கும், திடீரென்று அவன் உடம்பு குலுங்கியது. உதடு படபடவென்று அடித்துக்கொண்டது, என்னவோ வார்த்தை கொட்டியது. எல்லோரும் "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" அக்கா தரையில் விழுந்து நன்றி சொன்னாள். எனக்கே ஒரு நிமிஷம் மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

திரும்பி வரும்போது டீக்கடையில் நிறுத்தி பன் வாங்கிக் கொடுத்தேன். பாதி பன்னைத் தின்றுவிட்டு என் காதுக்கிட்டே வந்தான்.

"மாமா, அம்மாகிட்ட சொல்லக் கூடாது."

"சொல்லல."

"ஒம்போதாம் வாய்ப்பாட்டத்தான் வேகமாச் சொன்னேன். முட்டி வலிச்சிச்சு."

ஓசூர் ஞாயிறு வகுப்பு அக்கா

மாமா, அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறான்?

ஊத்தங்கரை தாய்மாமன்

டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சபையில் அவன்தான் கீபோர்டு. போன வருஷம் அக்கா சாட்சி சொன்னாள், "என் மகன் எட்டு வயசிலயே ஆவியில நிறைஞ்சவன்" என்று. நானும் அன்றைக்குப் போயிருந்தேன். அவன் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து என்னைத் தேடிப் பார்த்தான். சிரிக்கவில்லை.