அரிய மரவள்ளி ரகங்களின் விளைச்சலை எதை வைத்து மதிப்பிடுவது?

கேள்வி

வணக்கம். வழக்கமான வெள்ளை மரவள்ளியோடு, சதை மஞ்சளாக இருக்கும் ஒரு ரகத்தையும், சர்க்கரை கலந்தாற்போல் இனிக்கும் நீர்த்த கிழங்கு கொண்ட இன்னொரு ரகத்தையும் சில குச்சிகள் மட்டும் நட்டு வளர்த்தேன். பத்தாம் மாதத்தில் தோண்டியபோது தூருக்குச் சராசரியாக வெள்ளை 4 கிலோவும், மஞ்சள் 2.5 கிலோவும், இனிப்பு ரகம் 5 கிலோவும் தந்தன. எடையை மட்டும் பார்த்தால் மஞ்சளைக் கைவிட வேண்டும் என்றே தோன்றுகிறது. ஆனால் அதன் செடிகளில் ஆரம்பத்திலிருந்தே தேமல் நோய் தெரிந்தது. நட்ட குச்சிகளும் மெலிந்தவை. இந்த முடிவை நம்பலாமா?

பதில் 1

நம்ப வேண்டாம். நீங்கள் அளந்தது ரகத்தை அன்று, குச்சியின் தரத்தை. தேமல் நச்சுயிரி வெள்ளை ஈயால் மட்டுமன்றி நடும் குச்சி வழியாகவும் வருகிறது. முளைத்து வரும் முதல் இலைகளே நெளிந்து, வெளிர்ப்புள்ளிகளோடு இருந்தால் நோய் குச்சியிலேயே இருந்தது என்று பொருள். அடியிலைகள் தெளிவாக இருந்து மேலிலைகளில் மட்டும் தேமல் தோன்றினால் அது பெரும்பாலும் ஈ பின்னர் கொண்டுவந்தது. இந்த வேறுபாட்டைச் செடி வாரியாகக் குறித்து வையுங்கள், ஏனெனில் நோயுற்ற குச்சியில் பிறந்த செடியைத் தூய செடியோடு ஒப்பிடுவது எந்த ரகத்துக்கும் நியாயமாகாது. குச்சியை முதிர்ந்த தண்டின் நடுப்பகுதியிலிருந்து 15 முதல் 20 செ.மீ. நீளத்தில் எடுங்கள், வெட்டுமுகத்தில் வெண்மையான நடுச்சோறு தண்டின் விட்டத்தில் பாதிக்கு மேல் இருந்தால் அது இன்னும் இளசு. ஓரச் செடிகள் கூடுதல் வெளிச்சமும் இடமும் பெற்றுப் பெருத்துவிடும் என்பதால் உட்செடிகளை மட்டும் நிறுத்து, அதே சோதனையை நிலத்தில் மூன்று இடங்களிலாவது திரும்பச் செய்யுங்கள்.

பதில் 2

முன்னவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: பச்சை எடை பாதிக் கணக்குதான். கழுவிய கிழங்கு 3 கிலோவைக் காற்றில் நிறுத்து, பிறகு கூடையில் வைத்து நீரில் முழுக மூழ்கவிட்டு, கூடையின் எடையைக் கழித்து நிறுங்கள். காற்றில் உள்ள எடையை இரு எடைகளின் வித்தியாசத்தால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும், அதை 158.3ஆல் பெருக்கி 142ஐக் கழித்தால் உலர்பொருளின், அதாவது நீர் போக எஞ்சுவதன், சதவீதம் வரும். நீரில் 320 கிராம் காட்டும் கிழங்கில் உலர்பொருள் ஏறத்தாழ 35 சதவீதம். 150 கிராம்தான் காட்டினால் 25 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். உங்கள் வெள்ளை ரகம் முதல் வகையாகவும் இனிப்பு ரகம் இரண்டாம் வகையாகவும் இருந்தால், 4 கிலோவில் 1.4 கிலோ உலர்பொருளும் 5 கிலோவில் 1.25 கிலோவும்தான். அப்போது தரவரிசையே தலைகீழாகிறது. இந்தச் சூத்திரம் மாவுச்சத்துக் கிழங்குகளுக்கு உரியது. சர்க்கரை மிகுந்த கிழங்குக்குச் சீவல்களை எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்திப் பார்ப்பதே உறுதியான வழி.

மஞ்சள் ரகத்தை எடையால் மட்டும் தள்ளிவிடாதீர்கள் என்று வற்புறுத்தியே சொல்கிறேன். அந்த மஞ்சள், உடலில் வைட்டமின் ஏ ஆகும் கரோட்டின்; நைஜீரியாவில் 2011இல் அத்தகைய ரகங்கள் வெளியிடப்பட்டதும் அதற்காகவே. ஆப்பிரிக்க வழியில் வந்தவற்றில் மஞ்சள் கூடும்போது உலர்பொருள் குறைவது உண்டு, ஆனால் லத்தீன் அமெரிக்க வழியில் வந்தவற்றில் அந்தப் பிணைப்பு அவ்வாறு இல்லை. கொலம்பியாவிலுள்ள சியாட் ஆய்வு மையம் மாவுச்சத்தின் இரு கூறுகளில் ஒன்றான அமைலோஸ் இல்லாத மரவள்ளியைக் கண்டறிந்து 2007இல் அறிவித்தது. சாதாரணக் கிழங்கு அயோடின் பட்டதும் நீலக்கருமையாகும், அந்த வகையோ செம்பழுப்பாகும். எடையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தால் அப்படிப்பட்ட செடி எவர் கண்ணிலும் பட்டிருக்காது.

பதில் 3

மரவள்ளிக் கிழங்கில் இயல்பாகவே உண்டாகும் நச்சான சயனைடு, இனிப்பாக இருப்பதால் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். பச்சையாகச் சுவைத்துச் சோதிப்பதும் வேண்டாம். ஒரு கிலோ பச்சைக் கிழங்குக்கு 50 மில்லிகிராமுக்கும் குறைவான ஹைட்ரஜன் சயனைடு உள்ளவற்றையே சர்வதேச உணவுத் தரநிலை இனிப்பு மரவள்ளி என்கிறது. சயனைடு ஆவி பட்டால் நிறம் மாறும் பிக்ரேட் தாள் மஞ்சளிலிருந்து செம்பழுப்பாக மாறும் அளவைக் கொண்டு இதைக் கணிக்கலாம். வறட்சியில் அளவு உயரும், ஒரே தூரின் கிழங்குகளுக்குள்ளும் வேறுபடும். எனவே பல கிழங்குகளிலிருந்து மாதிரி எடுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. முளைத்த மாதத்தில் எடுத்த படங்களைத் திரும்பப் பார்த்தேன். மஞ்சள் ரகத்தின் அடியிலைகளிலேயே தேமல் தெளிவாக இருக்கிறது. ஆகவே 2.5 கிலோ என்ற எண்ணைக் குறிப்பேட்டில் அடித்துவிட்டேன். அடுத்த நடவுக்கு மூன்று ரகங்களிலும் நோயற்ற, ஒரே பருமனுள்ள குச்சிகளைத் தேடி எடுத்து, உட்செடிகளை ஒரே நாளில் தோண்டி, நீரில் நிறுத்த கணக்கோடு மீண்டும் எழுதுகிறேன்.